அற விழுமியங்கள் புறவயமானவையா, தனிமனித உணர்ச்சிகள் மட்டும்தானா?

கல்தூண்:

ஒரு செயலைத் தவறு என்று சொல்லும்போது நாம் அந்தச் செயலைப் பற்றி ஏதேனும் சொல்கிறோமா, அல்லது அதைக் கண்டு நமக்குள் எழும் வெறுப்பை வெளியிடுகிறோமா? இரண்டாவதுதான் நடக்கிறது என்பது என் தரப்பு. காரணங்களை வைக்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1740இல் ஒரு சோதனையை முன்வைத்தார். திட்டமிட்டுச் செய்த கொலை ஒன்றை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆராய்ந்து பாருங்கள் என்றார். சில நோக்கங்களும் வேட்கைகளும் கிடைக்கும், நடந்த நிகழ்ச்சிகள் கிடைக்கும். 'தீமை' என்று தனியாக எதுவும் அகப்படாது. பார்வையை உங்கள் நெஞ்சுக்குள் திருப்பினால்தான் அந்தச் செயலின்மீது எழுந்திருக்கும் கண்டன உணர்ச்சியைக் காண்பீர்கள். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1936இல், ஆங்கில மெய்யியலாளர் ஏ. ஜே. அயர் இதை இன்னும் கறாராகச் சொன்னார். 'நீ பணத்தைத் திருடியது தவறு' என்ற கூற்றில் 'நீ பணத்தைத் திருடினாய்' என்பதற்கு மேல் தகவல் எதுவும் இல்லை. எஞ்சுவது குரலில் ஏறும் அருவருப்பு மட்டுமே.

இதற்குத் துணையாக வருவது கருத்து வேறுபாடு. பாரசீக மன்னன் தாரயவஸ் (டேரியஸ்) தன் அவையிலிருந்த கிரேக்கர்களிடம், என்ன விலை கொடுத்தால் இறந்த தந்தையரின் உடலை உண்பீர்கள் என்று கேட்டானாம். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்றார்கள். தந்தையரின் உடலை உண்ணும் வழக்கமுடைய கல்லாத்தியர்களிடம், என்ன கொடுத்தால் எரிப்பீர்கள் என்று கேட்டான். அவர்கள் காதுகொடுத்துக் கேட்கவே மறுத்து அலறினார்கள். பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் இந்தக் கதையில் எவர் பக்கம் உண்மை இருந்தது என்று அளந்து சொல்ல எந்தக் கருவி இருக்கிறது?

மூன்றாம்பிறை:

கல்தூண் அவர்களே, தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்பதால் மறுப்பதும் எளிதாகிறது. கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த அவையில் இரு தரப்பாரும் எதற்காக அலறினார்கள் என்று பாருங்கள். இறந்த தந்தையை அவமதிக்கக் கூடாது என்பதில் இருவருக்கும் ஐயமே இல்லை. எது அவமதிப்பாகும் என்பதில்தான் வழக்கம் வேறுபடுகிறது. அறத்தில் தோன்றும் வேறுபாடுகள் அனைத்தையும் இப்படிக் கரைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் நீங்கள் தேர்ந்தெடுத்த சான்று உங்கள் தரப்பைவிட என் தரப்புக்கே அதிகம் உதவுகிறது.

வேறுபாடு இருப்பதால் உண்மை இல்லை என்றும் ஆகாது. பூமியின் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுகள் வரைதான் என்று 1897இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு கணித்தார். புவியியலாளர் பலர் அது போதவே போதாது என்றனர். கதிரியக்கத்தைக் கொண்டு வயதைக் கணக்கிடும் முறை உறுதிப்படும்வரை அந்தப் பூசல் தீரவில்லை. இன்று ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்கிறோம். பூசல் நடந்த காலத்திலும் பூமிக்கு ஒரு வயது இருந்தது.

இனி உங்கள் மையக் கருத்துக்கு வருகிறேன். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கையிலிருக்கும் தாள், சென்ற வாரம் வகுப்பில் தம்மை எடுத்தெறிந்து பேசிய மாணவனுடையது என்பது அவருக்குத் தெரியும். மூன்றாம் வினாவில் அவன் இடையிலே ஒரு படியை எழுதாமல் தாண்டி நேரே விடைக்குப் போயிருக்கிறான்; விடை சரி. அவருடைய சிவப்புப் பேனா பத்துக்கு நான்கு என்று போட்டுவிட்டு அடுத்த வினாவுக்கு நகர்கிறது. பின்பு நிற்கிறது. ஏற்கெனவே திருத்தி வைத்த கட்டிலிருந்து, அதே படியைத் தாண்டிய வேறொரு தாளைத் தேடி எடுக்கிறார். அதில் ஏழு போட்டிருக்கிறார். நான்கை அடித்துவிட்டு ஏழு என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். மீதமுள்ள தாள்களையெல்லாம் பெயர் தெரியாதபடி முகப்பை மடித்துவிட்டுத் திருத்துகிறார். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகும் அந்த மாணவன்மீது அவருக்கிருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

இங்கே அவர் என்ன செய்தார்? தம் உணர்ச்சியைக் கேட்டு முடிவெடுத்தார் என்று சொல்ல முடியாது. அந்த உணர்ச்சி தம்மை எங்கே இழுத்துச் செல்கிறதென்று கண்டு, அதன் கைக்கு எட்டாத இடத்தில் மதிப்பெண்ணை வைத்தார். அறம் என்பதே உணர்ச்சிதான் என்றால் பெயரை மறைப்பதற்குப் பொருளே இல்லை. எனக்கு உப்பு பிடிக்கும் என்பதை நான் எதனோடும் ஒப்பிட்டுத் திருத்துவதில்லையே.

தெருவிளக்கு:

இருவருமே முக்கியமானதைத் தாண்டிப் போகிறீர்கள். கட்டளையிடுபவன் ஒருவன் மேலே இல்லாவிட்டால் அறம் புறவயமாக எப்படி நிற்கும்? இறைவனை எடுத்துவிட்டால் கல்தூண் சொல்வதைத்தான் ஏற்க வேண்டியிருக்கும்.

பழைய ஏடு:

தெருவிளக்கு அவர்களுக்கு: இதைப் பிளேட்டோ தம் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸின் வாயிலாகக் கேட்டுவிட்டார். நல்லதாக இருப்பதால் இறைவன் அதை விரும்புகிறானா, அவன் விரும்புவதால் அது நல்லதாகிறதா? முதலாவதென்றால் நன்மை அவனுடைய கட்டளைக்கு முன்பே இருக்கிறது. இரண்டாவதென்றால், அவன் கொடுமையைக் கட்டளையிட்டிருந்தால் கொடுமையே நன்மையாகியிருக்கும். அப்போது நாம் பேசுவது தனிமனித விருப்பத்தின் இடத்தில் இறைவனின் விருப்பத்தை வைத்துத்தான். அவன் இயல்பே நன்மை என்பதால் இந்தப் பிளவே தவறு என்று இறையியலாளர்கள் விடையளிப்பதுண்டு. அந்த வழக்கு தனியே நெடுந்தூரம் போகும். இங்கே எடுத்துக்கொண்ட கேள்வியை அது எந்தப் பக்கமும் தீர்த்துவைக்காது.

கல்தூண்:

மூன்றாம்பிறை அவர்களின் ஆசிரியர் நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் ஹியூம் இதை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார். அருகிலிருப்பவர் துன்பம் நம்மை அதிகம் வருத்துகிறது, தொலைவிலிருப்பவர் துன்பம் குறைவாக வருத்துகிறது; இப்படி ஒவ்வொருவரும் தத்தம் இடத்திலிருந்து பேசினால் உரையாடலே நடக்காது என்பதால், நிலையான பொதுப் பார்வை ஒன்றில் நின்று மதிப்பிடப் பழகிக்கொள்கிறோம் என்பது அவர் விளக்கம். ஆசிரியர் பெயரை மறைத்தது அந்தப் பொதுப் பார்வைக்குப் போவதற்காகத்தான். அங்கே போகும்படி அவரைத் தூண்டியதும் உணர்ச்சிதான்: நேர்மையற்றவனாக இருக்கிறோமோ என்ற உறுத்தல். கோபம் கொதித்து அடங்கும். உறுத்தல் மெல்லியதாயினும் நீடிக்கும். வலுவற்றதுபோல் தோன்றும் உணர்ச்சி ஆரவாரமான உணர்ச்சியை வென்றது என்பதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை.

அந்த உறுத்தல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். டார்வின் 1871இல் இதற்கு ஒரு திகைக்கவைக்கும் விடை எழுதினார். மனிதர்கள் தேனீக்கள் வளரும் சூழலில் வளர்ந்திருந்தால், மணமாகாத பெண்கள் தம் சகோதரர்களைக் கொல்வதைப் புனிதக் கடமையாகக் கருதியிருப்பார்கள், தாய்மார்கள் கருவுறும் தகுதியுள்ள மகள்களைக் கொல்ல முனைந்திருப்பார்கள், எவரும் குறுக்கே வந்திருக்கமாட்டார்கள் என்றார். தேனீக்களாகப் பிறந்திருந்தால் இந்த விவாதத்தில் மூன்றாம்பிறை அவர்கள் சகோதரக் கொலையின் புறவயமான நன்மையை இதே உறுதியோடு நிறுவிக்கொண்டிருப்பார். நம் விழுமியங்களைச் செதுக்கியது பிழைத்திருத்தலும் இனப்பெருக்கமும். உண்மையைக் கண்டுபிடிப்பதில் அவற்றுக்கு அக்கறை கிடையாது.

பழைய ஏடு:

கல்தூண் வைத்திருப்பவற்றில் வலிமையானது இந்தக் கடைசி வாதம்தான். அயரை நம்பியிருப்பதைவிட இதை நம்பியிருப்பது அவருக்கு நல்லது. ஏனென்று சொல்கிறேன்.

அயரின் வழியில் அறக்கூற்று வெறும் உணர்ச்சி வெளிப்பாடு என்றால், உணர்ச்சியே வெளிப்படாத இடங்களில் அது எப்படிப் பொருள் தருகிறது? 'வாக்கு மீறுவது தவறு என்றால், பிறரை வாக்கு மீறத் தூண்டுவதும் தவறு' என்று ஒருவர் சொல்கிறார். முதற்பாதியைச் சொல்லும்போது அவர் எதையும் கண்டிக்கவில்லை. 'என்றால்' என்று போட்டு நிறுத்திவைக்கிறார். பிறகு, 'வாக்கு மீறுவது தவறுதான்' என்று ஒப்புக்கொண்டால், தூண்டுவதும் தவறு என்ற முடிவு தானாகவே விழுகிறது. இரண்டு இடத்திலும் 'தவறு' ஒரே பொருளைத் தந்தால்தான் அந்த முடிவு விழும். மெய்யியலாளர் பீட்டர் கீச் 1965இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த முடிச்சை இறுக்கிக் காட்டினார். அதை அவிழ்ப்பதற்காகவே சைமன் பிளாக்பர்ன் போன்றவர்கள் உணர்ச்சிவாதத்தை, அதாவது அயரின் இந்தக் கொள்கையை, அடியிலிருந்து திருத்திக் கட்ட வேண்டியிருந்தது. அவிழ்ந்துவிட்டதா என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை.

இந்த இடத்தில்தான் மெய்யியலாளர் ஜே. எல். மேக்கி எனக்கு நேர்மையானவராகத் தோன்றுகிறார். 1977இல் அவர் சொன்னதன் சாரம் இது: நம் அறப்பேச்சு புறவயமான உண்மையைச் சொல்வதாகத்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது, அதை உணர்ச்சி என்று மாற்றிப் பொருள்கொள்ள வேண்டாம், அப்படிப்பட்ட உண்மைகள் உலகில் இல்லை என்பதால் அந்தப் பேச்சு முழுவதும் பிழையானது. அறிந்த மாத்திரத்தில் 'இதைச் செய்' என்று நம்மைப் பிடித்துத் தள்ளும் ஒரு பண்பு, வேறெதனோடும் ஒத்துப்போகாத விசித்திரப் பொருளாக இருக்க வேண்டுமே என்பது அவருடைய ஐயம்.

இதில் ஒரு சிக்கல். சான்று எந்தப் பக்கம் நிற்கிறதோ அதை நம்ப வேண்டும் என்பதும் ஒரு 'வேண்டும்'தான். அதையும் எந்த நுண்ணோக்கியிலும் பார்க்க முடியாது. அறத்தின் 'வேண்டும்' விசித்திரமானது என்று தள்ளுபவர், அறிவின் 'வேண்டும்' என்பதையும் அதே காரணத்துக்காகத் தள்ள வேண்டிவரும். அதையும் தள்ளிவிட்டால், மேக்கியின் வாதத்தைப் படித்துவிட்டு நான் ஏன் என் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்? சான்றைப் பின்பற்றுவதும் அவருடைய சொந்த விருப்பம் என்றாகிவிடுமே.

தேனீ வாதத்துக்கு இவ்வளவு சுருக்கமாக விடை சொல்ல முடியாது. மெய்யியலாளர் ஷரன் ஸ்ட்ரீட் 2006இல் அதைக் கூர்மையாக்கினார். புறவயமான அற உண்மைகள் இருந்து, பரிணாமம் அவற்றைப் பொருட்படுத்தாமல் நம் உள்ளத்தை வடித்திருந்தால், நம் தீர்ப்புகள் உண்மையோடு பொருந்துவது தற்செயலாகவே இருக்க முடியும். உண்மையைக் கண்டவர்கள் பிழைத்தார்கள் என்று சொல்லவும் வழியில்லை. குழந்தையைக் காத்தவர்களின் வழித்தோன்றல்கள் பெருகினார்கள் என்பதே போதுமான விளக்கம், 'குழந்தையைக் காப்பது நன்மை' என்ற உண்மைக்கு அதில் வேலையே இல்லை. கண்ணையும் பரிணாமம்தானே செதுக்கியது, கண்ணை நம்பவில்லையா என்று கேட்டுச் சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். அந்த ஒப்புமை நொண்டுகிறது. எதிரே புலி நிற்பதால்தான் புலியைக் கண்ட கண் பிழைக்க உதவியது. அங்கே உண்மைக்கு வேலை இருந்தது.

மூன்றாம்பிறை:

அந்த ஒப்புமையை நானும் நம்பவில்லை. என் வழி வேறு. பரிணாமம் நமக்குக் கொடுத்தது ஒரு தொடக்கத்தை: தன் குழந்தை, தன் கூட்டம், உதவியவனுக்கு உதவி. அத்தோடு காரணம் கேட்கும் திறனும் வந்துவிட்டது, அது எந்த நோக்கத்துக்காக வந்திருந்தாலும் சரி. பத்து வரை எண்ணுவது பிழைக்க உதவியிருக்கலாம். பகா எண்களுக்கு முடிவில்லை என்று நிறுவியது பிழைப்பதற்காக அல்ல. அறத்திலும் கூட்டத்தின் எல்லையைத் தாண்டிச் சென்றவர்கள் இருக்கிறார்கள். அரிஸ்டாட்டில் போன்ற பேரறிஞர் சிலர் இயல்பாகவே அடிமைகள் என்று வாதாடினார். 4ஆம் நூற்றாண்டில் கிறித்தவ ஆயர் நிசாவின் கிரெகோரி, மனிதனை விலைகொடுத்து வாங்க எவனுக்கும் உரிமையில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். அவரைச் சுற்றியிருந்த சமூகம் முழுவதும் அடிமை உழைப்பில் நின்றது. பொது உணர்ச்சி அவருக்கு எதிராக இருந்தது. உலகில் கடைசி நாடாக மௌரித்தேனியா சட்டப்படி அடிமைமுறையை ஒழித்தது 1981இல்தான். கல்தூண் கணக்கின்படி கிரெகோரி வேறுவிதமாக உணர்ந்தார், அவ்வளவே. பெரும்பான்மை பிழைபட்டிருந்தது என்று சொல்ல அவருக்கு வாய்ப்பே இல்லை.

அறத்தையும் வழக்கத்தையும் பிரிக்கும் திறன் மிக இளமையிலேயே தெரிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். உளவியலாளர் எலியட் தூரியலும் அவருக்குப் பின்வந்தவர்களும் செய்த ஆய்வுகளில், ஆசிரியர் அனுமதித்தால் சீருடை இல்லாமல் வரலாம் என்று ஒப்புக்கொண்ட குழந்தைகள், ஆசிரியர் அனுமதித்தாலும் பிறரை அடிக்கக் கூடாது என்றார்கள். இது அறம் புறவயமானது என்பதற்கு நிரூபணம் ஆகாது. அதை ரசனைபோல நாம் கையாள்வதில்லை என்பதற்குச் சான்று.

கல்தூண்:

பெரும்பான்மை பிழைபட்டிருந்தது என்று நான் தாராளமாகச் சொல்வேன். சொல்லும்போது என் உணர்ச்சியோடு சொல்வேன். அவர்களுடைய பொதுப் பார்வையில் அடிமைகளுக்கு இடமே இல்லாதிருந்தது. இடம் கொடுத்திருந்தால் அவர்களே வேறுவிதமாக உணர்ந்திருப்பார்கள்.

தெருவிளக்கு:

எனக்கு வேறொரு அச்சம். புறவயமான அறம் தம் கையில் இருப்பதாக நம்பியவர்கள்தான் பிறரை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். எல்லாம் அவரவர் பார்வை என்று விட்டுவிட்டால் சகிப்புத்தன்மையாவது மிஞ்சும் அல்லவா? ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பிரகடனத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, 1947இல், அமெரிக்க மானிடவியல் சங்கம் இதே கவலையை எழுதி அனுப்பியது: ஒரு பண்பாட்டின் மதிப்பீடுகளை மனிதகுலம் முழுவதற்கும் பொதுவாக்கிவிடாதீர்கள் என்று.

மூன்றாம்பிறை:

கவலை நியாயமானது. ஆனால் அதை எதன்மேல் நிறுத்துகிறீர்கள்? எல்லாம் அவரவர் உணர்ச்சி என்றால், சகிப்புத்தன்மையும் உங்கள் உணர்ச்சி. வெட்டிச் சாய்ப்பவனுடையது அவனுடைய உணர்ச்சி. 'சகிக்க வேண்டும்' என்று அவனிடம் சொல்லும் உரிமையை உங்கள் கொள்கையே பறித்துவிடுகிறது. அந்த மானிடவியலாளர்களும், எந்தப் பண்பாட்டையும் மதிக்க வேண்டும் என்பதை எல்லாப் பண்பாடுகளுக்கும் பொதுவான கட்டளையாகத்தான் வைத்தார்கள். புறவயமான உண்மை ஒன்று இருக்கிறது என்று நம்புபவன்தான் தான் பிழைபட்டிருக்கலாம் என்று அஞ்சவும் முடியும். தன் உணர்ச்சியே அளவுகோல் என்பவனுக்கு அந்த அச்சமே எழாது. பிரகடனம் 1948 டிசம்பர் 10 அன்று ஆதரவாக 48 வாக்குகளோடு நிறைவேறியது, எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. இதை நிரூபணமாகச் சொல்லவில்லை. வாக்கெடுப்பால் உண்மை பிறக்காது.

கல்தூண்:

அதைச் சொன்னதற்கு நன்றி. மெய்யியலாளர்களிடையே 2020இல் எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அற மெய்ம்மைவாதத்தின் (புறவயமான அற உண்மைகள் உண்டு என்ற கொள்கையின்) பக்கமும், 26 விழுக்காட்டினர் எதிர்ப்பக்கமும் சாய்ந்தார்கள் என்று எவராவது எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று காத்திருந்தேன்.

மூன்றாம்பிறை:

நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள். அதை விட்டுவிட்டு என் ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள். சாகக் கிடக்கும் நண்பர் உங்களிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து, உள்ளே இருக்கும் கடிதங்களைப் படிக்காமல் எரித்துவிடும்படி கேட்கிறார். ஒப்புக்கொள்கிறீர்கள். அவர் இறந்துவிடுகிறார். கடிதங்களில் உள்ளவர்களும் உயிரோடு இல்லை. படித்தால் எவருக்கும் தெரியப்போவதில்லை, உங்களுக்கு உறுத்தலும் வராது என்று வைத்துக்கொள்வோம். அதை அடக்கும் மாத்திரை ஒன்றுகூட இருக்கிறது. படிக்கலாமா?

கல்தூண்:

படிக்கமாட்டேன். மாத்திரை போட்ட பிறகு நான் எப்படி உணர்வேன் என்பது எனக்குப் பொருட்டல்ல. இப்போது, மாத்திரை போடாத நான், அப்படிப்பட்ட ஆளாக மாற விரும்பவில்லை. கவனியுங்கள், இதுவும் நான் எதைப் பெரிதாக நினைக்கிறேன் என்பதைப் பற்றிய செய்திதான், பிரபஞ்சத்தைப் பற்றிய செய்தி அல்ல. இறந்த நண்பருக்குக் கொடுத்த வாக்கைத் துளியும் பெரிதாக நினைக்காதவன் ஒருவன் படித்தால் அவனை வெறுப்பேன், வீட்டுக்குள் சேர்க்கமாட்டேன். அவன் கணக்கில் பிழை செய்துவிட்டான் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

பழைய ஏடு:

இப்போது இடைவெளி எங்கே என்று தெரிகிறது. உணர்ச்சிகளைத் திருத்தலாம், பொதுப் பார்வைக்குப் போகலாம், பெரும்பான்மையை மறுக்கலாம், இவற்றில் உங்கள் இருவருக்கும் சண்டை இல்லை. தன் விருப்பங்களில் எந்த முரணும் இல்லாத, எல்லாத் தகவலும் அறிந்த, பிறரை வதைப்பதையே விரும்பும் ஒருவன் இருந்தால், அவன் காணத் தவறுவது ஏதேனும் உண்டா என்பதுதான் எஞ்சியிருக்கும் சண்டை. கல்தூண் இல்லை என்கிறார். நான் உண்டு என்கிறேன்: வதைபடுபவனின் வலி. அது அவனுக்குத் தெரியும். அது தன்னை நிறுத்தவேண்டிய காரணம் என்பது தெரியவில்லை.

கல்தூண்:

வலி வதைபடுபவனுக்குக் காரணம், ஒப்புக்கொள்கிறேன். நெருப்பில் கை பட்டவன் தன் விழுமியங்களைக் கேட்டுக்கொண்டா கையை இழுக்கிறான்? அது அடுத்தவனுக்கு எப்படிக் காரணமாகிறது என்பதைத்தான் இன்னும் எவரும் காட்டவில்லை.

மூன்றாம்பிறை:

மெய்யியலாளர் தாமஸ் நேகல் காட்டிய திசையில் ஒன்று சொல்கிறேன். கூட்டத்தில் எவரோ உங்கள் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறார், நிற்பதும் அவருக்குத் தெரியும். அப்போது உங்களுக்கு எழுவது வலி மட்டும் அல்ல. 'இந்த ஆளுக்குக் காலை எடுக்கத் தோன்றவில்லையா' என்ற மனத்தாங்கலும் எழுகிறது. மழையில் நனையும்போது மழைமீது அது எழுவதில்லை. என் வலி அவருக்கும் காரணம் என்று நீங்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பதால்தான் எழுகிறது. உங்கள் கொள்கை சரியென்றால் அந்த மனத்தாங்கலுக்கு நியாயமே கிடையாது. வலி உங்களுடையது, கால் அவருடையது, விருப்பமும் அவருடையது. அதைக் கைவிட நீங்கள் ஆயத்தமா என்று கேட்கிறேன்.

கல்தூண்:

கைவிடமாட்டேன், அதற்கு நியாயம் இருக்கிறது என்றும் வாதிடமாட்டேன். அவர் காலை எடுக்கும்வரை மனத்தாங்கலோடு நிற்பேன், எடுக்காவிட்டால் தள்ளுவேன். அதற்குப் பிரபஞ்சத்தின் ஒப்புதல் எனக்குத் தேவைப்படவில்லை.

பழைய ஏடு:

தள்ளும்போது அவர் 'ஏன் தள்ளுகிறீர்கள்' என்று கேட்டால் 'காலை மிதிக்கிறீர்கள்' என்றுதானே விடை சொல்வீர்கள்? அதை அவரும் ஒரு விடையாக ஏற்பார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அந்த எதிர்பார்ப்பு எதன்மேல் நிற்கிறது என்பதை எழுதுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.